சும்மாக் கல்லில் வந்த தங்கம்

என் மகள் மலர்விழியும் உங்களோடு சேர்ந்துதான் போன மாதம் இந்தக் கல் பொடிக்கிற வேலைக்குப் புதிதாக வந்தாள். வந்த மூன்றாம் நாள், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: “கல்ல ஒடைக்கிறோம், பொடியாக்குறோம், பொட்டலம் கட்டி அனுப்புறோம். இதுல தப்புப் பண்ண என்னப்பா இருக்கு?”

தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பஞ்சு மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு கல் பொடிக்கிற கொட்டகையில் மேஸ்திரியாகச் சேர்ந்து, முடி நரைத்து வெளியே வந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுடையது புதுக் கட்டடம். எங்களுடையது திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கி. தங்கம் தேடிப் பூமியில் துளை போடுகிற ஒரு கம்பெனி, தூரத்தில் கர்நாடகப் பக்கம் எடுத்த கல்லை லாரியில் எங்களுக்கு அனுப்பும். கொட்டகைக்காரர், எங்கள் முதலாளி, அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். நாங்கள் கல்லை உடைத்து, சரிபாதியாகப் பங்கு போட்டு, ஒரு கிலோவை மட்டும் எடுத்துப் பவுடர் மாதிரி அரைத்து, அதில் ஒரு கைப்பிடியைப் பொட்டலம் கட்டி ஐதராபாத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். மீதியை எண் போட்டுப் பையில் கட்டிப் பத்திரமாக வைத்திருப்போம். அவர்கள் உருக்கிப் பார்த்து, இந்தக் கல்லில் டன்னுக்கு இத்தனை கிராம் தங்கம் என்று எண் சொல்வார்கள்.

அந்த எண் எவ்வளவு சிறியது என்பது மனதில் ஏறினால்தான் மற்றது புரியும். டன்னுக்கு மூன்று கிராம் இருந்தாலே அதை நல்ல கல் என்பார்கள். ஒரு டன் மல்லிகை மொட்டை நிலக்கோட்டையில் ஒரு வேனில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை மொட்டிலும் பத்துப் பதினைந்து மொட்டுதான் தங்கம். அதுவும் பரவலாக இருக்காது. ஒரு மூட்டையில் நாலு இருக்கும், அடுத்த பத்து மூட்டையில் ஒன்றுகூட இருக்காது. நாம் ஒரு கைப்பிடியை அள்ளிவிட்டு வேன் முழுவதற்கும் கணக்குச் சொல்கிறோம். கைப்பிடியில் ஒரு மொட்டு கூடினாலும் குறைந்தாலும் ஒரு மலையின் கதை மாறிவிடும்.

இன்னொரு வகையாகவும் சொல்கிறேன். நாம் அரைக்கிற ஒரு கிலோ பொடியில் ஒரு மில்லிகிராம் தங்கம் விழுந்தால் டன்னுக்கு ஒரு கிராம் கூடிவிடும். ஓர் அரிசியை இருபது துண்டாக்கி அதில் ஒரு துண்டை எடுத்தால் அதுதான் ஒரு மில்லிகிராம். தங்கம் அந்த எடைக்குத் தூளாக உதிர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பொடியில் கலந்தால் யாராலும் பிரித்துச் சொல்லவும் முடியாது.

அதனால்தான் கொட்டகைக்குள் யாரும் தங்கம் போட்டு வரக் கூடாது என்று கம்பெனி ஒரு விதி போட்டது. நான் சேர்ந்து சில வருஷம் கழித்து வந்த விதி அது. வளையல், மோதிரம், சங்கிலி, தோடு, மூக்குத்தி, எதுவும் ஆகாது. தங்கம் மெத்தென்ற உலோகம். நாம் அரைக்கிற கல்லின் பொடியோ அரம் மாதிரி. பட்டால் உரசி எடுத்துவிடும். அந்த விதியைப் பெண்களிடம் சொல்ல வேண்டியவன் நான்.

எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். எல்லோரும் கலியாணம் ஆனவர்கள். தோட்டைக் கழற்றி வேப்பங்குச்சி சொருகிக்கொள்ளச் சம்மதித்தார்கள். தாலி என்று வந்ததும் எல்லோர் கையும் கழுத்துக்குப் போனது.

அரைக்கிற மிஷின் இரண்டில் பழையதைப் பார்த்துக்கொண்டவள் ஈஸ்வரி. நிலக்கோட்டைப் பக்கத்து ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் பூக்கடை வைத்திருந்தார். எட்டுப் பேரில் கை சுத்தமும் கணக்குச் சுத்தமும் உள்ளவள் அவள்தான். அவள் என்னிடம் கேட்டாள்: “துணியில சுத்தித் தைச்சு ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிறேண்ணே. வெளியவே வராது. ஆகாதா?”

“ஆகாது தாயி” என்றேன். “விதின்னா எல்லாருக்கும் விதிதான்.”

மறுநாள் காலை அவள் கழுத்தில் மஞ்சள் கயிறும் அதில் ஒரு மஞ்சள் கிழங்கும் தொங்கின. நம் பக்கத்தில் கழுத்தில் கிழங்கு தெரிந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாலி அடகுக் கடைக்குப் போய்விட்டது, வீட்டில் ஏதோ கஷ்டம் என்றுதான் நினைக்கும். பஸ்ஸில் பக்கத்து ஊர்ப் பெண்கள் துக்கம் விசாரித்தார்களாம். மாமியார் இரண்டு நாள் பேசவில்லையாம். கொட்டகையிலும் கேலிக்குக் குறைவில்லை. பங்கு போடுகிற பாண்டியம்மா, “என்னடி ஈஸ்வரி, பூக்கடையில அம்புட்டு நட்டமா? தாலிய எந்தக் கடையில வச்ச?” என்பாள். “ஒங்க வீட்டுக்காரரு ஒங்க காதுத் தோட்ட அடகு வச்சாருல்ல, அதே கடையிலதான்” என்பாள் ஈஸ்வரி. சொன்ன பாண்டியம்மாவும் ஒரு வாரத்தில் கிழங்கோடுதான் வந்தாள். இரண்டு பேர் முடியாது என்று வேலையை விட்டுப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள், ஈஸ்வரி நின்றதைப் பார்த்து.

இந்த இடத்தில் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கலியாணத்தில் மாமனார் போட்ட மோதிரம் விரலிலேயே கிடந்தது. விரல் தடித்துவிட்டது. சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தேன், முட்டியைத் தாண்டி வரவில்லை. முதலாளியிடம் சொன்னேன். “மேல பிளாஸ்திரி சுத்திக்கிரும், போதும்” என்றார். தினமும் காலையில் புதுப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு உள்ளே போவேன். ஈஸ்வரி துணி சுற்றிக்கொள்ளவா என்று கேட்டதற்கும் நான் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இன்றைக்கு வரை என்னைக் குத்துவது அதுதான்.

கம்பெனியில் இருந்து கோகுல் என்ற புவியியல் படித்த இளைஞர் எங்கள் வேலையைக் கவனித்து வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மரியாதையான பேச்சு. அவர் ஒவ்வொரு தடவை அனுப்புகிற கல்லிலும் தங்கமே இல்லாத சாதாரணக் கருங்கல் ஒன்றை, மற்றதைப் போலவே எண் எழுதி, எங்களுக்குத் தெரியாமல் சேர்த்துவிடுவார். நாங்கள் அதற்குச் சும்மாக் கல் என்று பெயர் வைத்திருந்தோம். எது சும்மாக் கல் என்று எங்களுக்குத் தெரியாது. அதில் தங்கம் இல்லை என்று பரிசோதனைக் கூடம் சொன்னால் எங்கள் கை சுத்தம். இருக்கிறது என்று சொன்னால் தங்கம் எங்கள் கொட்டகையில் இருந்துதான் போயிருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை கோகுல் நேரில் வந்தார். கையில் ஒரு தாள். மூன்று சும்மாக் கல்லில் தங்கம் வந்திருந்தது. ஒன்றில் டன்னுக்கு ஒரு கிராமை நெருங்கி. மூன்றும் பழைய மிஷினில், ஈஸ்வரி அரைத்தது. புது மிஷினில் அரைத்த சும்மாக் கல் எல்லாம் சுத்தமாக இருந்தது.

சும்மாக் கல்லில் வந்ததென்றால் அதே நாட்களில் அரைத்த நிஜக் கல்லிலும் வந்திருக்கும். அந்த எண்களை நம்பித்தான் அடுத்த துளையை எங்கே போடுவது என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. முதலாளி பயந்துவிட்டார். அவருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, ஈஸ்வரி விதியை மீறித் தங்கத்தை உள்ளே போட்டு வருகிறாள். இரண்டு, யாரோ சொல்லி வேண்டுமென்றே தூவுகிறாள். கல்லுக்கு மதிப்புக் கூட்டிக் காட்டத் தங்கம் தூவுகிற ஏமாற்று இந்தத் தொழிலில் உண்டு. அந்தப் பெயர் ஒருவர் மேல் விழுந்தால் இந்த வேலையில் மட்டுமல்ல, எந்த மில் வாசலிலும் நிற்க முடியாது.

ஈஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு நான்தான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்துக் கிழங்கைக் காட்டினாள். சிறுத்துக் கருத்துப்போயிருந்தது.

“இது நாலாவது கெழங்குண்ணே” என்றாள். “தங்கத்த உள்ள போட்டுக்கிட்டு வர்றவ இத எதுக்குத் தொங்கவிட்டுத் திரியணும்?”

அந்தக் கேள்வியே போதும். யோசிக்கத் தெரிந்தவன் அங்கேயே நின்றிருப்பான். ஆனால் தாளில் மூன்று எண், மூன்றும் அவள் பெயருக்கு நேராக. எனக்குத் தாள்தான் பெரிதாகத் தெரிந்தது. சனிக்கிழமை முதலாளி சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். பழைய மிஷினில் வேலை பார்த்த ஈஸ்வரி என்பவர் தங்க விதியை மீறியதாகத் தெரிகிறது, அவரை நிறுத்திவிட்டோம், இனி இப்படி நடக்காது. கீழே என் கையெழுத்து. திங்கட்கிழமை கோகுல் அதைக் கம்பெனிக்கு அனுப்புவதாகப் பேச்சு. ஈஸ்வரியை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். அரைத்த கல்லை எல்லாம் தேதிவாரியாக எழுதிய அவளுடைய நோட்டு என் பையில் இருந்தது. எந்தெந்தக் கல்லைத் திரும்ப அரைக்க வேண்டும் என்று பட்டியல் எடுக்க அதை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பிளாஸ்திரியைக் காலையிலேயே பிய்த்து எறிந்திருந்தேன். என் மனைவி செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “ஏங்க, மோதிரம் அடிப்பக்கம் இப்படித் தேஞ்சு போச்சு? நூலு கணக்கா இருக்கு” என்றாள்.

திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் அழுக்கேறிய பழைய மோதிரம். உள்ளங்கைப் பக்கம் பளபளவென்று, அரம் போட்டுத் தேய்த்ததுபோல் மெலிந்து இருந்தது. நாளெல்லாம் பிளாஸ்திரிக்கும் கையுறைக்கும் உள்ளே கிடக்கிற மோதிரத்தில் அப்படி ஒரு பளபளப்புக்கு வழியே இல்லை.

ஈரக் கையோடு போய் நோட்டை எடுத்தேன். மழைக் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். காய வைக்கிற பெட்டி சரியாகச் சூடேறாது. கல் அரைகுறையாகக் காய்ந்தால் பொடி மிஷின் கிண்ணத்தின் சுவரில் அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பழைய மிஷின் கிண்ணத்தில் கீறல் அதிகம், அதனால் இன்னும் மோசமாக ஒட்டும். அதற்கென்று பிளாஸ்டிக் கரண்டி, தூரிகை எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒட்டிக்கொண்டால் அவள் என்னைக் கூப்பிடுவாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை உள்ளே விட்டுச் சுற்றி வழித்துக் கொடுப்பேன். என் கை பட்டால் ஒரு சிட்டிகைப் பொடி மிச்சம் இருக்காது என்று எனக்குப் பெருமை வேறு.

ஒட்டிய கல்லுக்கு நேராக ஈஸ்வரி நோட்டில் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தாள். யாரும் போடச் சொல்லவில்லை. கோகுல் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தங்கம் வந்த மூன்று சும்மாக் கல்லுக்கும் வட்டம் இருந்தது. வராத சும்மாக் கல் எதற்கும் வட்டம் இல்லை.

பிளாஸ்திரி மேல்பக்கம் சாயந்தரம் வரை நன்றாகத்தான் இருக்கும். நான் பார்த்ததெல்லாம் மேல்பக்கத்தைத்தான்; உள்ளங்கைப் பக்கம் வழித்து வழித்துக் கிழிந்திருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்று கேட்டாள்: “நாளைக்கு இத வெட்டி எடுத்துட்டுப் போயிட்டா, இனிமே கல்லு சரியா வந்துருமா?”

“வந்துரும்.”

“அப்ப எல்லாரும் என்ன நெனப்பாக?”

ஈஸ்வரி போன பிறகு கல் சுத்தமாக வந்தால், அவள் போனதால்தான் சுத்தமாக வந்தது என்று நினைப்பார்கள். நான் வாயே திறக்க வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். சத்தமில்லாமல் என் தப்பைத் திருத்திக்கொண்டால் போதும், அதுவே அவள்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

பிள்ளைகளே, இந்த வேலையில் தப்பு நடந்தால் உடனே சரி செய்யத்தான் எல்லோருக்கும் கை வரும். நல்ல வேலைக்காரனுக்கு இன்னும் வேகமாக வரும். ஆனால் சரி செய்வதற்கு முன்னால் அப்படியே வைத்து நாலு பேருக்குக் காட்ட வேண்டிய தப்பும் உண்டு. எது அந்த மாதிரி என்று சொல்லித்தர எனக்குச் சூத்திரம் தெரியாது. திருத்தியபின் யார் தலையில் பழி போய் உட்காரும் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். அதை எனக்குச் சொல்லித்தந்தது என் மனைவி. அவள் எட்டாவதோடு நின்றவள்.

நான் ஒன்றும் உடனே வீரனாகிவிடவில்லை. அன்று சாயந்தரம் வரை மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தேன். எனக்கும் அந்த வேலைதான் சோறு. மலர்விழி அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்ட மேஸ்திரி நானே, தங்கம் போட்டு வந்தவனும் நானே என்றால் முதலாளி என்னை வைத்திருப்பாரா? ஆனால் நோட்டில் அந்த வட்டங்கள் இருந்தன. என்றைக்காவது ஒருநாள் யாராவது அதைப் பார்ப்பார்கள் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மோதிரத்தோடுதான் போனேன். முதலாளியும் கோகுலும் இருந்த அறையில் கையை விரித்து மேசை மேல் வைத்து, நோட்டையும் திறந்து வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

முதலாளி கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உமக்கென்ன கிறுக்கா? லெட்டர் எழுதியாச்சு. அந்தப் பொண்ணும் போயிருச்சு. வெளிய போயி மோதிரத்த வெட்டிட்டு வாரும். இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்” என்றார்.

கோகுல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்கண்ணா, நேத்தே தெரிஞ்சுதுங்களே. இன்னும் ஏன் கழட்டாம வந்தீங்க?”

“கழட்டிட்டு வந்து சொன்னா யாரு சார் நம்புவா? அந்தப் பிள்ளைக்குப் பரிதாபப்பட்டுச் சொல்றேன்னு நெனச்சுருவீக. மோதிரம் கையில இருக்கும்போதே பரீட்சை வச்சுப் பாருங்க.”

அவர் முதலாளியைப் பார்த்தார். பிறகு பைக்குள் இருந்த என் கடிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். “இது இப்பப் போகாதுங்க” என்றார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். அவரும் அன்றைக்கு ஒரு வேலையைப் பணயம் வைத்தார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவரே வண்டியில் இருந்து கருங்கல் சில்லு ஆறு பை இறக்கினார். பொடி ஒட்டட்டும் என்று கல்லை லேசாக நனைத்தோம். ஈஸ்வரியை மறுபடி ஒரு பரீட்சைக்குக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பழைய கிண்ணத்தில் பாண்டியம்மா மூன்று பையை அரைத்து, தூரிகையாலும் கரண்டியாலும் மட்டும் வழித்து எடுத்தாள். தப்பு கிண்ணத்திலா கையிலா என்று தெரிய, புதுக் கிண்ணத்தில் நான் மூன்று பையை அரைத்தேன். வழக்கம்போல் பிளாஸ்திரி சுற்றிய கையில் இருந்து உறையைக் கழற்றினேன். வழக்கம்போல் வெறுங்கையால் வழித்தேன். அத்தனை பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். கிண்ணத்தில் மோதிரம் உரசும் சத்தம் எனக்கே அன்றைக்குத்தான் கேட்டது. இத்தனை நாளும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

கோகுல் ஆறு பொட்டலத்துக்கும் தன் எண்ணை எழுதி, ஒட்டி, தானே எடுத்துப் போனார். அன்று மத்தியானம் திண்டுக்கல் கடைவீதியில் ஓர் ஆசாரியிடம் போய் மோதிரத்தை வெட்டி எடுத்தேன். “இம்புட்டுத் தேயிற வரைக்கும் என்னய்யா பண்ணுனீரு?” என்று கேட்டார். கல் அரைத்தேன் என்றேன்.

பத்து நாள் கழித்துக் கோகுல் போன் செய்தார். பாண்டியம்மா வழித்த மூன்றிலும் தங்கம் இல்லை. நான் வழித்த மூன்றிலும் இருந்தது. மூன்றும் ஒரே கல், ஒரே கிண்ணம், ஒரே கை. ஆனால் எண் மூன்றும் வேறுவேறு. ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. நீங்கள் எண்ணைப் பார்த்ததும் நம்புகிறவர்களாக இருந்தால் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். எண் பொய் சொல்லவில்லை. பொட்டலத்துக்குள் என்ன இருந்ததோ அதைத்தான் சொன்னது. பொட்டலத்துக்குள் எது எப்படி வந்தது என்பது எண்ணுக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரிய வேண்டும்.

கோகுல் இன்னொன்றும் சொன்னார். அடுத்த துளை போட நினைத்திருந்த இடத்தில் நல்ல எண் வந்த கல் பாதிக்கு மேல் நான் வழித்ததாம். என் கலியாண மோதிரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட இருந்தார்கள். அந்த வேலையை நிறுத்திவிட்டு, நோட்டில் வட்டம் போட்ட கல்லை எல்லாம் எடுத்து வைத்த மீதியில் இருந்து மறுபடி அரைக்கச் சொன்னார்கள். அவள் போட்ட வட்டம் இல்லையென்றால் அந்த மழைக்காலத்துக் கல் முழுவதையும் அரைத்திருக்க வேண்டும்.

முதலாளி என்னை நிறுத்தவில்லை. மூன்று மாதம் என்னோடு நேராகப் பேசவும் இல்லை.

போன் வந்த அன்றே பஸ் ஏறி நிலக்கோட்டைக்குப் போனேன். பூ மார்க்கெட்டில் வீட்டுக்காரரின் கடையில் ஈஸ்வரி சாக்கை விரித்து மொட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இருக்கும்போதே சொன்னேன், தப்பு என் கையில்தான் என்று. அவள் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஓர் அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவள் அவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தாள். எடையை முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

“அந்த லெட்டர்ல என் பேரு இருந்துச்சாண்ணே?”

“இருந்துச்சு தாயி. கிழிச்சுப் போட்டேன்.”

“கிழிச்சுட்டா? என்னைய வெரட்டுனது கொட்டகைக்கே தெரியும். கிழிச்சது யாருக்குத் தெரியும்?” என்றாள். “வேற ஒண்ணு எழுதுங்க. ஒங்க பேரப் போட்டு. கொட்டகைக்குள்ள எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டுங்க. பொறவு வாரேன்.”

சரி என்றேன். கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டாள். உள்ளே போகும்போது தங்கம் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் இதுவரை நான்தான். அது இனிமேல் தன் வேலையாக இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் தான் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். முதலாளியிடம் நானே கேட்டு வாங்கித்தர வேண்டும். கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கோகுலைப் பார்த்தார். கம்பெனி அப்படித்தான் விரும்புகிறது என்று கோகுல் சொல்லிவிட்டார்.

கடிதத்தை நானே எழுதினேன். நாலு வரிதான். எழுத ஒரு பகல் ஆனது. அதை அரைக்கிற மிஷினுக்கு மேலே ஒட்டினேன். பாண்டியம்மா எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். என் பேர் வந்த இடத்தில் நிறுத்தி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேலே படித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஈஸ்வரி வந்தாள், மறுபடி மஞ்சள் கயிற்றோடு. வாசலில் நின்றாள். அன்றைக்கு முதலாளி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அவர் விரலில் ஜோசியர் சொல்லிப் போட்ட ராசிக்கல் தங்க மோதிரம் உண்டு. “சார், மோதிரம்” என்றாள். அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் வேப்பமரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகவே வேலை சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது நான். கையை நீட்டினேன். மோதிரம் கிடந்த இடம் மட்டும் வெளுத்துப்போய் ஒரு வளையமாகத் தெரிந்தது.

“திருப்புங்கண்ணே” என்றாள்.

திருப்பினேன். ஒவ்வொரு விரலாகச் செத்த நேரம் பார்த்தாள்.

“உள்ள போங்க” என்றாள்.